மூன்று மணித்தியாலமும் ஒரு நாளும்



2000ஆம் ஆண்டு முதலாந் தவணைப் பரீட்சைக்கு நான் ஆக்கிய புவியியல் வினாத்தாளில் ஒரு வினா இருந்தது. “ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலூலுவிலிருந்து செவ்வாய்க்கிழமை நண்பகலிற் புறப்படும் விமானமொன்று, அதற்கு நேர் தெற்கேயுள்ள கிறிஸ்மஸ் தீவை மூன்று மணித்தியாலத்தில் அடையுமாயின், அப்போது அத்தீவில் கிழமையும் நேரமும் யாவை?” என்பது அவ்வினா. இரண்டு தீவுகளும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. ஒரே நெடுங்கோட்டில் அமைந்த இடங்களுக்கு நேரமும் ஒன்றே என்பது மாணாக்கர் கற்ற பாடம். ஆகவே ‘செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி’ என்பதே விடையென எண்ணியிருந்தேன். வகுப்பில் எல்லாரும் அவ்வாறே எழுதினர். ஒரு மாணவி மாத்திரம் ‘புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி’ என்று எழுதினாள். நான் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, இரண்டு புள்ளிகளையுங் குறைத்தேன்.

விடைத்தாள் கைக்குக் கிடைத்த மறுநாள் அவள் தன் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அவ்வாண்டுப் பிறப்பின்போது, புத்தாண்டின் முதற் கதிரவனை எந்தத் தீவு முதலிற் காணும் என்று பத்திரிகைகள் பலவும் எழுதியமை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அத்துண்டும் அவ்வகையானதே. நானோ, “பத்திரிகையில் வந்ததெல்லாம் பாடமாகுமா பிள்ளை?” என்று கூறி, நூல்நிலையத்திலிருந்த தேசப்படத் தொகுதியை விரித்து, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நேராகச் செல்லுந் திகதிக் கோட்டை விரலாற் சுட்டி அவளை அனுப்பிவிட்டேன். அத்தொகுதி எப்போது அச்சானது என்பதை முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் எண்ணம் அன்று எனக்கு எழவில்லை.

இன்றைய பேச்சு அந்த மூன்று மணித்தியாலப் பயணத்தைப் பற்றியது. தூரத்தைக் கணிப்பது எளிது. வான்வெளியிற் செல்லும் நேரத்தைக் கணிப்பது அதனினுஞ் சற்றுக் கடினம். இறங்கியதும் கைக்கடிகாரத்தையும் நாட்காட்டியையும் எவ்வாறு திருத்துவது என்பதோ, அரசியலும் வரலாறுங் கலந்த விடயம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். கிறிஸ்மஸ் தீவு என்ற பெயரில் உலகில் இரண்டு தீவுகள் உள்ளன. ஒன்று நமது இந்து சமுத்திரத்தில், யாவாவுக்குத் தெற்கே, அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டிருப்பது. 1643ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அதனைக் கடந்து சென்ற மாலுமி ஒருவர் இட்ட பெயர் அது. நாம் பேசப்போவது மற்றையதை. பசிபிக்கின் நட்டநடுவே, பூமத்திய கோட்டுக்குச் சற்றே வடக்கில் உள்ள இத்தீவு, 1979ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற கிரிபாஸ் என்னும் நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டார் தம் நாட்டின் பெயரையும் இத்தீவின் பெயரையும் எழுதும் முறையை எழுத்துக்கூட்டி வாசித்தால் ‘கிரிபட்டி’, ‘கிரிட்டிமட்டி’ என்று வரும். ஆனால் அவர்தம் மொழியில் சகர ஒலிக்குத் தனி எழுத்தில்லை. தகரத்தோடு இகரஞ் சேர்ந்தால் அது சகரமாக ஒலிக்கும். ஆதலால் ‘கிரிட்டிமட்டி’ என்பதன் உச்சரிப்பு ‘கிரிஸ்மஸ்’ என்பதே. ககரம் ஒன்றையே வைத்துக்கொண்டு இடத்துக்கேற்ப ஒலியை மாற்றிப் படிக்கும் நமக்கு இது வியப்பாயிராது.

முருகைக்கல்லாலான கங்கணத் தீவுகளுள் நிலப்பரப்பால் உலகிற் பெரியது இதுவே. ஏறத்தாழ 388 சதுரக் கிலோமீற்றர். அங்கே இலண்டன், பாரிஸ், போலந்து என்னும் பெயர்களையுடைய இடங்கள் இருக்கின்றன. தீவைக் குத்தகைக்கு எடுத்துத் தென்னை நட்ட ரூஜியே என்னும் பிரெஞ்சுக் குருவானவர், தம் வீட்டிருந்த இடத்துக்குப் பாரிஸ் என்றும், கால்வாய்க்கு எதிர்க்கரைக்கு இலண்டன் என்றும் பெயரிட்டனர். இன்று இலண்டனில் ஊர் உண்டு, பாரிஸ் பாழடைந்துவிட்டது. விமான நிலையம் வாழைப்பழத்தின் பெயர் கொண்ட ‘பனானா’ என்னும் ஊரின் அருகே உள்ளது; அதற்குக் காசிடி விமான நிலையம் என்று பெயர்.

இனித் தூரம். ஹொனலூலு விமான நிலையம் வட அகலம் 21 பாகை 19 கலையிலும், மேல் நெடுங்கோடு 157 பாகை 55 கலையிலும் இருக்கின்றது. காசிடி விமான நிலையம் வட அகலம் 1 பாகை 59 கலையில், மேல் நெடுங்கோடு 157 பாகை 21 கலையில் உள்ளது. நெடுங்கோட்டில் அரைப் பாகைக்குச் சற்று மேலான வேறுபாடே உண்டு. அதனை இப்போதைக்கு மறந்துவிடலாம். அகலக்கோட்டின் வேறுபாடு 19 பாகை 20 கலை. கடல் மைல் என்னும் அளவு பிறந்ததே இவ்வகைக் கணக்குக்காகத்தான். வடக்குத் தெற்காகச் செல்கையில் அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல் மைல். ஒரு பாகைக்கு அறுபது கலைகள். ஆகவே 19 பாகை 20 கலை என்பது 1,160 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் ஆதலின், தூரம் ஏறத்தாழ 2,150 கிலோமீற்றர். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வெண்கட்டியைக் கையிலெடுத்துக் கரும்பலகையில் இதனைச் செய்துவிடலாம். பூமி சரியான உருண்டையன்று, துருவங்களிற் சற்றுத் தட்டையானது. அதனாற் பூமத்திய கோட்டை அடுத்த பகுதிகளில் ஒரு பாகையின் நீளம் சிறிது குறைவு. அத்திருத்தத்தையுஞ் சேர்த்தால் பத்துக் கிலோமீற்றரளவு குறையும். இது நுட்பம் விரும்புவோருக்கு.

இத்துணை எளிதாக எல்லாப் பயணத்தையும் கணிக்க முடியாது. இரண்டு ஊர்கள் கிழக்கு மேற்காக விலகியிருந்தால், தட்டையான உலகப்படத்தில் இழுத்த நேர்கோடு உண்மையான குறுக்கு வழியாகாது. உருண்டையொன்றை எடுத்து, ஊரிலிருந்து ஊருக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எவ்வழியே கிடக்கின்றதோ அதுவே குறுகிய வழி. அதனைப் பெருவட்டம் என்பர். வடக்குத் தெற்காகச் செல்லும் நெடுங்கோடு தானே ஒரு பெருவட்டத்தின் பாகமாகையால், ஹொனலூலு – கிறிஸ்மஸ் தீவுப் பயணத்தில் நூலும் நேர்கோடும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்தது வானிற் செல்லும் நேரம். இக்கடல்வழியே பறப்பது ஃபிஜி நாட்டு விமானக் கம்பனியின் போயிங் 737 வகை விமானம். ஃபிஜியின் நாடியிலிருந்து கிறிஸ்மஸ் தீவு வழியாக ஹொனலூலு செல்வதும் திரும்புவதும் அதன் வழக்கம். இவ்வகை விமானம் உயரப் பறக்கும்போது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 830 கிலோமீற்றர் செல்லும். 2,150ஐ 830ஆல் வகுத்தால் இரண்டு மணித்தியாலமும் முப்பத்தைந்து நிமிடமும் வரும். ஆனால் விமானம் நிலத்திலிருந்து எழுந்த கணமே முழு வேகத்தை அடைவதில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகங் குறைத்தே செல்லவேண்டும். நிலையத்தின் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும் நேரம் வேண்டும். இவற்றைக் கூட்டினாற் சுமார் மூன்று மணித்தியாலமாகும். வினாவில் நான் மூன்று என்று எழுதியது, அவ்வளவில் சரியே.

காற்றும் கணக்கிற் சேரவேண்டியது. தோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கிழக்கு நோக்கிச் செல்லும் விமானம், மேலடுக்குகளில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்றின் உதவியால் விரைவாகச் செல்லும். மீளும் விமானத்துக்கு அதே காற்று எதிராகி ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலுமோ தாமதத்தை உண்டாக்கும். நமது பயணமோ வடக்குத் தெற்கானது. காற்று குறுக்கே வீசுவதால் போகும்போதும் வரும்போதும் நேரத்தில் பெரிய வேறுபாடில்லை. விமானியின் வேலை, காற்று தள்ளிவிடும் அளவுக்கு விமானத்தின் மூக்கைச் சற்றே திருப்பி வைத்துக்கொள்வது. ஆற்றைக் குறுக்காகக் கடக்கும் தோணிக்காரன் எதிர்க்கரையிலுள்ள துறைக்குச் சற்று மேலே குறிவைத்துத் தண்டு வலிப்பதைப் போன்றதே இது.

வேகத்தை விடக் கவலை தருவது எரிபொருள். பெருநிலத்தில் ஒரு விமான நிலையம் மழையால் மூடப்பட்டால் அடுத்த நிலையத்துக்குச் செல்லலாம். நடுக்கடல் தீவில் அடுத்த நிலையம் எங்கே? ஆகையால் இத்தகைய தனித்தீவுகளுக்குச் செல்லும் விமானங்கள், தீவின்மேற் சுமார் இரண்டு மணித்தியாலம் வட்டமிட்டு நிற்பதற்குப் போதிய எரிபொருளை மேலதிகமாகச் சுமந்து செல்லும் முறை ஒன்று உண்டு. வழியில் ஓரிடத்தைக் கடந்தபின் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் அளவு எரிபொருள் இராது. அவ்விடத்தை அடையுமுன்பே முன்னாலுள்ள வானிலையைக் கேட்டறிந்து முடிவுசெய்தல் வேண்டும். பயணிகள் உணவுத் தட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போது, முன்னறையில் அந்த முடிவு சத்தமின்றி எடுக்கப்படும்.

இதே கடலிற் சென்ற முன்னோர் எவ்வளவு காலம் எடுத்தனர் என்று பார்த்தால் மூன்று மணித்தியாலத்தின் மதிப்புப் புலனாகும். காப்டன் குக் 1777ஆம் ஆண்டு திசெம்பர் 24ஆந் திகதி இத்தீவைக் கண்டார். பெயருக்குக் காரணம் அதுவே. அங்கு தங்கிச் சூரிய கிரகணமொன்றை அவதானித்து, ஆமைகளைப் பிடித்து உணவாகச் சேர்த்துக்கொண்டு, 1778ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். சனவரி 18ஆந் திகதி அவருடைய கப்பல்கள் ஹவாய்த் தீவுக் கூட்டத்தைக் கண்டன. பதினாறு நாட்கள்! குக் வந்தபோது கிறிஸ்மஸ் தீவில் மனிதர் இல்லை; ஆனால் அவருக்கு மிக முன்னரே பொலினீசிய மாலுமிகள் அங்கு வந்துபோனதற்கான தடயங்களைப் பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். திசையறிகருவியோ கடிகாரமோ இல்லாமல், விண்மீன்களையும் கடல் அலைகளின் போக்கையும் பறவைகளையும் பார்த்து அவர்கள் ஓட்டினர். அம்முறை வெறுங்கதையன்று என்பதைக் காட்ட, 1976ஆம் ஆண்டு ஹொக்குலேயா என்னும் இரட்டைத் தோணி, மௌ பியாய்லுக் என்னும் மைக்குரோனீசிய மாலுமியின் வழிகாட்டலில், கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தாகித்திக்குச் சுமார் ஒரு மாதத்திற் சென்று சேர்ந்தது.

நமது இலங்கைத் தீவும் இத்தகைய நெடும் பறப்பொன்றில் இடம்பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே இருந்த வான்வழி அறுபட்டது. அதனை மீண்டும் இணைப்பதற்காக 1943 முதல் 1945 வரை, பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து காலிக்குத் தென்கிழக்கேயுள்ள கொக்கல வாவிவரை கற்றலினா என்னும் நீர்விமானங்கள் பறந்தன. நேர்த் தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். எடுத்த நேரம் இருபத்தேழு முதல் முப்பத்துமூன்று மணித்தியாலம். எரிபொருளே சுமையின் பெரும்பாகமானதால், ஏற்றக்கூடிய பயணிகள் மூவரே. எதிரியின் கண்ணிற் படாதிருக்க வானொலியையும் மௌனமாக்கி, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைக் கண்டமையால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயப் பறப்பு’ என்று பெயர். அங்கே இரண்டு சூரியோதயங்களுக்குக் காரணம் உண்மையாகவே ஒரு நாளுக்கு மேற்பட்ட நேரம் வானிற் கழிந்தமை. கிறிஸ்மஸ் தீவுப் பயணியோ சூரியனை ஒருமுறைகூட இழக்காமல் ஒரு நாளை இழக்கிறான். அந்தப் புதிருக்கு இப்போது வருவோம்.

பூமி இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கின்றது. மணித்தியாலத்துக்குப் பதினைந்து பாகை. கிறீனிச்சிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நேரம் கூடும். மேற்கே செல்லச் செல்லக் குறையும். இரண்டு வழியாகவும் 180ஆம் நெடுங்கோட்டை அடைந்தால் ஒருவருடைய கடிகாரம் பன்னிரண்டு மணித்தியாலம் முந்தியும் மற்றவருடையது பன்னிரண்டு மணித்தியாலம் பிந்தியும் இருக்கும். இடையில் ஒரு முழு நாள் வித்தியாசம். இதனை முதன்முதலிற் பட்டறிந்தவர்கள் மகெல்லனோடு உலகைச் சுற்றப் புறப்பட்டு உயிர் தப்பி மீண்ட மாலுமிகள். 1522ஆம் ஆண்டு யூலை மாதம் அவர்கள் வேர்டு முனைத் தீவுகளை அடைந்தபோது, கப்பற் குறிப்பேட்டின்படி அன்று புதன்கிழமை. கரையிலுள்ளாரோ வியாழக்கிழமை என்றனர். ஒரு நாளும் தவறாது குறித்து வந்த பிகபெத்தா என்பவர் தம் கணக்கிற் பிழையே இல்லையென்று திகைத்தார். பிழை இருக்கவுமில்லை. மேற்கு நோக்கிச் சூரியனோடு சென்று உலகைச் சுற்றிவிட்டதால் அவர்களுக்கு ஒரு சூரியோதயம் குறைந்திருந்தது.

எங்கேயாவது ஓரிடத்தில் இந்த ஒரு நாளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக நடுக்கடலில் உலகப்படத்தில் வரையப்படும் கோடே சர்வதேசத் திகதிக் கோடு. 1884இல் வாசிங்டனிற் கூடிய மாநாடு கிறீனிச்சை முதல் நெடுங்கோடாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் திகதிக் கோடு இவ்வழியேதான் செல்லவேண்டுமென்று எந்த உடன்படிக்கையும் விதிக்கவில்லை. எந்த நாடும் தன் கரையில் இன்று என்ன கிழமை என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம்; தேசப்படம் வரைவோர் அதற்கேற்பக் கோட்டை வளைப்பர். நான் மாணவிக்குச் சுட்டிக் காட்டிய கோடு இயற்கையின் கோடன்று என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

கிரிபாஸ் நாடு விடுதலை பெற்றபோது அதன் தீவுகள் கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடந்தன. தலைநகரமாகிய தறாவாவுக்கும் கிறிஸ்மஸ் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். தறாவாவில் திங்கட்கிழமை அலுவலகந் திறக்கும்போது கிறிஸ்மஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் தீவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது தறாவாவில் சனிக்கிழமை. ஒரே அரசாங்கத்தின் இரண்டு கந்தோர்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளக் கிழமைக்கு நான்கு நாட்களே எஞ்சின. போக்குவரத்தின் நிலை அதனிலும் மோசம். நெடுங்காலமாகத் தம் நாட்டின் ஒரு பாகத்திலிருந்து மறு பாகத்துக்கு வான்வழியே செல்ல விரும்புவோர், பிறநாடாகிய ஃபிஜிக்குப் போய் விமானம் மாறவேண்டியிருந்தது. ஆகவே 1994 முடிந்து 1995 பிறக்கும் வேளையில், அந்நாட்டரசு கிழக்குத் தீவுகளின் நாட்காட்டியிலிருந்து ஒரு நாளை முழுதாக நீக்கி, நாடு முழுவதையும் ஒரே திகதிக்குள் கொணர்ந்தது. உலகப்படத்தில் திகதிக் கோடு கிழக்கே ஒரு பெரிய கூனாகப் புடைத்து நிற்பது அதனாலேயே. அத்தீவுகள் கிறீனிச் நேரத்துக்குப் பதினான்கு மணித்தியாலம் முந்தியவையாயின. புத்தாயிரமாண்டின் முதற் கதிர்களைத் தேடிய உலகின் கவனமும் அதனாற்றான் அப்பக்கந் திரும்பிற்று.

ஹொனலூலு கிறீனிச்சுக்குப் பத்து மணித்தியாலம் பிந்தியது. பத்தும் பதினான்குங் கூட்டினால் இருபத்து நான்கு. எனவே இரண்டு இடங்களிலும் கடிகார முட்கள் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். நாட்காட்டியில் மட்டும் ஒரு தாள் வேறுபடும். கோடை காலத்திற் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இரு இடத்தும் இல்லையாதலால் இது ஆண்டு முழுவதும் மாறாது. செவ்வாய் நண்பகல் ஹொனலூலுவிற் புறப்பட்டவன் புதன் பிற்பகல் மூன்று மணிக்குக் கிறிஸ்மஸ் தீவில் இறங்குவான். நாட்காட்டியைக் கொண்டு கணக்கிடுவோன் பயணம் இருபத்தேழு மணித்தியாலம் என்பான். அதே விமானம் புதன் பிற்பகல் நான்கு மணிக்குத் திரும்பப் புறப்படுமாயின், செவ்வாய் மாலை ஏழு மணிக்கு ஹொனலூலுவை அடையும். புறப்படுவதற்கு இருபத்தொரு மணித்தியாலம் முன்பே சேர்ந்துவிட்டது போலத் தோன்றும்.

இக்குழப்பத்தினின்று நீங்க ஒரு வழியே உண்டு. விமான ஓட்டிகளும் அதையே கைக்கொள்வர். இரண்டு நேரங்களையும் கிறீனிச் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஹொனலூலுவிற் செவ்வாய் நண்பகல் என்பது கிறீனிச்சிற் செவ்வாய் இரவு பத்து மணி. கிறிஸ்மஸ் தீவிற் புதன் பிற்பகல் மூன்று என்பது கிறீனிச்சிற் புதன் அதிகாலை ஒரு மணி. இடையில் மூன்று மணித்தியாலம், தீர்ந்தது. நமது நேரத்தில் அவன் புதன் அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டு ஆறரைக்கு இறங்கிவிட்டான். நாம் உறங்கி எழுவதற்குள் நடந்து முடிந்த பயணம் அது. விமானச் சீட்டில் அச்சிட்ட நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊர் நேரங்களே. அவற்றை ஒன்றிலிருந்தொன்று கழித்துப் பயண நேரங் காண முயல்வோர் இங்கே தடுக்கி விழுவர்.

இன்னுமொரு வேடிக்கை. நமது பாடசாலைகளிற் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கையில், கிறிஸ்மஸ் தீவிற் புதன்கிழமை பிறந்து அரை மணித்தியாலமாகிவிட்டது. அமெரிக்க சமோவாவில் திங்கள் இரவு பதினொன்றரை. அங்கே செவ்வாய் இன்னும் பிறக்கவில்லை. நாள்தோறும் நமது மூன்றரை மணிக்கும் நான்கரை மணிக்கும் இடையில் மனிதர் வாழும் உலகில் மூன்று கிழமைகள் ஒருங்கே நிலவுகின்றன. அமெரிக்க சமோவாவுக்கு அடுத்த வீடான சமோவா நாடு, அவுஸ்திரேலியாவோடும் நியூசீலாந்தோடும் வணிகஞ் செய்ய வசதியாக, 2011 திசெம்பர் 30ஆந் திகதியைத் தன் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. அயலிலுள்ள அவ்விரு தீவுகளுக்கிடையே விமானம் ஒரு மணித்தியாலத்துக்குங் குறைந்த நேரத்திற் பறந்துவிடும். ஆயினும் ஒரு நாள் இடைவெளி.

கடலைக் கடப்போருக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கவில்லை. 1937 யூலை 2ஆந் திகதி காலை பத்து மணிக்கு அமீலியா இயர்ஹார்ட் என்னும் அமெரிக்க விமானி, நியூகினியின் லே நகரிலிருந்து, நூனன் என்னும் வழிகாட்டியோடு ஹவுலாந்துத் தீவை நோக்கிப் பறந்தார். தூரம் 4,113 கிலோமீற்றர். தீவின் நீளமோ சுமார் இரண்டரைக் கிலோமீற்றர். இருபது மணித்தியாலத்துக்கு மேற் பறந்தபின், தீவருகே காத்திருந்த கப்பல் அவருடைய குரலைக் கடைசியாகக் கேட்டபோது அங்கே நேரம் காலை 8 மணி 43 நிமிடம். திகதி அதே யூலை 2. ஓரிரவு முழுதும் பறந்தும், திகதிக் கோட்டைக் கடந்தமையால், புறப்பட்ட நேரத்துக்கும் முந்திய நேரத்தில் அவர் இருந்தார். விண்மீன்களின் நிலையைக் கணிக்கும்போது திகதி பிழைத்திருக்குமோ என்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். வேறு காரணங் கூறுவோரும் உளர். விமானமும் இருவரும் கிடைக்கவேயில்லை.

நமது நாட்டிலும் நேரம் அரசாணைக்கு உட்பட்டதே. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டன. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே மீண்டோம். நாட்டின் சில பகுதிகளில் இடைக்காலத்திலும் பழைய நேரமே வழங்கிற்று. கலியாண அழைப்பிதழைக் கொடுத்தவரிடம் “இது பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று வினவியே வாங்கவேண்டியிருந்தது. காலைக் கருக்கலிற் பிள்ளைகள் கைவிளக்கோடு பாடசாலைக்கு வந்ததையும் கண்டிருக்கிறேன். அக்காலத்தில் ஆசிரியனாயிருந்த நானே, ஓர் அரசாங்கம் கிழமையையும் மாற்றலாமென்று ஏன் எண்ணிப்பார்க்கவில்லை?

2003ஆம் ஆண்டில் எங்கள் நூல்நிலையத்துக்குப் புதிய தேசப்படத் தொகுதியொன்று வந்தது. பசிபிக்கின் பக்கத்தை விரித்தபோது அந்தக் கூன் என் கண்ணிற் பட்டது. பழைய தொகுதியின் முன்பக்கத்தை அன்றுதான் புரட்டினேன். அது 1995க்கு முந்திய அச்சு. புள்ளிப் பதிவேட்டைத் தேடியெடுத்தேன். அம்மாணவிக்கு 81, முதலிடம் பெற்றவனுக்கு 82. அவ்வாண்டுப் புவியியற் பரிசு அவனுக்குப் போயிருந்தது. குடும்பத்தோடு வேறு மாவட்டத்துக்குச் சென்றுவிட்ட அவளுடைய முகவரியை அயலாரிடம் விசாரித்துப் பெற்று, நடந்ததை எழுதி, பிழை என்னுடையதே என்று ஒப்பமிட்டு, புதிய தேசப்படத் தொகுதியின் பிரதியொன்றை வாங்கி அஞ்சலில் அனுப்பினேன். 81 என்றிருந்ததை 83 ஆக்கி, பக்கத்தில் திகதியும் இட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. நன்றி கூறியபின் ஒரு கேள்வி மாத்திரம் எழுதியிருந்தாள்: “சேர், வகுப்பறைச் சுவரிலுள்ள பெரிய உலகப்படத்தில் கோட்டை மாற்றிவிட்டீர்களா?” நான் மாற்றியிருக்கவில்லை. அன்று மாலை மாணாக்கர் போனபின், ஒரு கதிரையின்மேல் ஏறி நின்று, சிவப்பு மையினாற் கிறிஸ்மஸ் தீவைச் சுற்றிக் கிழக்கே வளையும் கோட்டை வரைந்தேன்.